அழகர் ஆற்றில் இறங்கும் வரை கரன்ட் போகக் கூடாது

ஏப்ரல் 13, 2025, ஞாயிறு

அத்தான் கோரிப்பாளையம் ஸ்டூடியோவைக் காலி செய்துவிட்டார். கேமரா, விளக்கு, குடை எல்லாம் விலைபோயின. விலைபோகாதது ஒரு பிஸ்கட் டப்பா நிறைய ஹார்டு டிஸ்குகள். 2007 முதல் அவர் எடுத்த கல்யாணம், காதுகுத்து, வளைகாப்பு அத்தனையும் அதில்தான். “பணம் வாங்கியாயிற்று, ஆல்பமும் கொடுத்தாயிற்று. இன்னும் எதற்கு அத்தான்?” என்றேன். “செத்துப்போன அப்பாவுக்கு வேறு படமே இல்லை என்று வந்து நிற்கிறவர்களை எப்படி மாப்பிள்ளை திருப்பி அனுப்புவது?” என்றார். அதற்கு மேல் நான் வாதாடவில்லை.

என் நாஸில், அதாவது வீட்டு நெட்வொர்க்கில் எல்லாரும் கோப்புகளைப் போட்டுவைக்கும் பொதுச் சேமிப்புப் பெட்டியில், இடம் இல்லை. பழைய டவர் கம்ப்யூட்டரில் ஓப்பன் மீடியா வால்ட் என்ற இலவச நாஸ் மென்பொருளைப் போட்டு, 4 டிபி டிஸ்க் இரண்டை ரெய்டு 1 ஆக வைத்திருக்கிறேன். ஒன்றில் எழுதுவது மற்றதிலும் அப்படியே எழுதப்படும். எட்டு வாங்கி நான்கை அனுபவிக்கும் ஏற்பாடு. அந்த நான்கையும் திரையில் 3.6 என்றுதான் காட்டும். விற்பவர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், கணினி 1024 ஆல் வகுக்கிறது. இப்போது 91 சதவீதம் நிறைந்துவிட்டது.

ஏப்ரல் 19, சனி

டவுன் ஹால் ரோட்டில் டிஸ்க் விசாரித்தேன். மலிவானதைக் கடைக்காரர் எடுத்துப் போட்டார். மாடல் எண்ணைப் பார்த்தால் எஸ்.எம்.ஆர். வகை. பழைய வீட்டுக் கூரையில் ஓடு வேய்ந்ததுபோல இதில் தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று சற்றே ஏறிக் கிடக்கும். அதே பரப்பில் கூடுதலாக அடங்கும், ஆனால் நடுவில் ஒன்றை மாற்றி எழுத வேண்டுமானால் பக்கத்துத் தடங்களையும் எடுத்துத் திரும்ப எழுத வேண்டும். சினிமா சேர்த்து வைக்க அது போதும். ரெய்டில் புது டிஸ்க் சேர்த்து விரிக்கும்போது நாள்கணக்கில் இழுத்தடிக்கும். தடங்கள் தனித்தனியாக இருக்கும் சி.எம்.ஆர். தான் வேண்டும் என்றேன். அட்டைப்பெட்டியில் இது எதுவும் எழுதியிருப்பதில்லை, தயாரிப்பாளரின் விவரத் தாளைத்தான் பார்க்க வேண்டும்.

இரண்டு வாங்கினேன், வேண்டுமென்றே இரண்டு கடையில். ஒரே நாளில் ஒரே ஆலையில் பிறந்த டிஸ்குகள் ஏறக்குறைய ஒரே சமயத்தில் சாகவும் கூடும்.

ஏப்ரல் 27, ஞாயிறு

மாடி அறையில் சித்திரை வெயிலுக்கு மனிதனே தங்க முடியாது. இயந்திரத்தைக் கீழே, படிக்கட்டுக்கு அடியில் கொண்டுவந்தாயிற்று. அம்மா அங்கே வைத்திருந்த ஊறுகாய் ஜாடிகளை இடம் மாற்றியது குறித்து வீட்டில் இன்னும் சமாதானம் ஏற்படவில்லை.

வயரிங் அண்ணன் வந்து கேட் 6 நெட்வொர்க் கேபிள் இழுத்துக் கொடுத்தார். சோதித்தால் நொடிக்கு 11 எம்பிதான் வருகிறது. டிஸ்க் கெட்டிருக்கிறது என்றார் அவர். 11 என்ற எண்ணைக் கண்டாலே கேபிளைத்தான் சந்தேகிக்க வேண்டும். எட்டு பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட், ஆகவே 100 மெகாபிட் இணைப்பில் அதிகபட்சம் அவ்வளவுதான் கிடைக்கும். உள்ளே நான்கு ஜோடிக் கம்பிகள் இருக்கின்றன. 100 மெகாபிட்டுக்கு இரண்டு ஜோடி போதும், கிகாபிட்டுக்கு நான்கும் பேச வேண்டும். ஒரு முனையில் பழுப்புக் கம்பி பிளக்கின் பின்னுக்குள் போய்ச் சேரவே இல்லை. வெட்டிவிட்டு மறுபடியும் பிளக்கை அழுத்திப் பொருத்தியதும் 112.

மே 4, ஞாயிறு

அக்கினி நட்சத்திரம் தொடங்கிவிட்டது. சும்மா இருக்கும்போதே டிஸ்க் 43 டிகிரி. தயாரிப்பாளர்கள் 60 வரை தாங்கும் என்கிறார்கள், நான் 50ஐத் தாண்ட விடுவதில்லை. பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி எதிரே டேபிள் ஃபேன் வைத்தேன். அழகில்லை, ஆனால் நான்கு டிகிரி இறங்கியது.

நான்கு டிஸ்கை எப்படிக் கோப்பது? ரெய்டு 6 என்றால் இரண்டு செத்தாலும் பிழைக்கலாம், கையில் கிடைப்பது 8 டிபி. ரெய்டு 5 என்றால் ஒன்று சாகலாம், 12 டிபி கிடைக்கும். ஒத்தக்கடையில் அக்கா வீட்டு பீரோவில் தனிப் பிரதி ஒன்று இருக்கப் போவதால் 5 போதும் என்று முடிவு செய்தேன். அந்தப் பிரதி இல்லையென்றால் ஆறும் போதாது. ரெய்டு காப்பாற்றுவது டிஸ்க் சாவிலிருந்து மட்டும்தான். தவறான ஃபோல்டரை அழித்தால் நான்கு டிஸ்கிலும் விசுவாசமாக அழித்துக் கொடுக்கும்.

ரெய்டு வேலையையும் தானே பார்த்துக்கொள்ளும் இசட்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமைக்கு ஏன் மாறவில்லை என்று அலுவலக நண்பர் கேட்டார். அதில் இருக்கும் தொகுப்போடு ஒற்றை டிஸ்கைச் சேர்த்து விரிக்கும் வசதி, இந்த ஜனவரியில் வந்த 2.3 பதிப்பில்தான் சேர்ந்திருக்கிறது. ஊரார் கல்யாணங்களை வைத்து அதைச் சோதிக்க மனமில்லை. லினக்ஸில் ரெய்டை நிர்வகிக்கும் எம்டிஏடிஎம் இந்த வேலையைப் பல ஆண்டுகளாகச் செய்து வருகிறது.

நாள் குறிப்பதுதான் பெரிய வேலை. விரிப்பு முடிய ஒரு நாளுக்கு மேல் ஆகும். எங்கள் பகுதிக்கு மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை எப்போது என்று பேப்பரில் பார்த்துக்கொண்டிருந்தேன். அத்தான்தான் வழி சொன்னார்: “திருவிழா நேரத்தில் யார் மாப்பிள்ளை பராமரிப்பு வைப்பார்கள்? எதிர்சேவைக்கு முந்தின நாள் ஆரம்பி.” ஆற்றில் இறங்குவதற்கு முந்தின நாள், மலையிலிருந்து வரும் அழகரை ஊரார் எதிர்கொண்டு வரவேற்பதுதான் எதிர்சேவை. இந்த ஊரில் நாஸ் வைத்திருப்பவனுக்கு ரெய்டு எண்ணைவிட மின்தடை நாள்காட்டிதான் முக்கியம்.

மே 10, சனி

நேற்று இரவு முழுவதும் ஓடி, இருப்பதெல்லாம் 8 டிபி வெளி டிஸ்கில் பிரதியாகிவிட்டது. சில பழைய கல்யாணங்களைத் திறந்தும் பார்த்தேன். திறந்து பார்க்காத பிரதியைப் பிரதி என்று நான் ஒப்புக்கொள்வதில்லை. மதியம் அத்தான் அதை ஒத்தக்கடைக்கு எடுத்துப் போய்விட்டார்.

மாலை ஏழு மணி. முதலில் ரெய்டு 1ஐ இரண்டு டிஸ்க் ரெய்டு 5 ஆக மாற்றினேன், அது கண்ணிமைப்பில் முடியும். பிறகு புதியவை இரண்டையும் சேர்த்து, நான்காக விரி என்று கட்டளை கொடுத்தேன். நொடிக்கு 38 எம்பி. எழுதியிருக்கும் ஒவ்வொரு துண்டையும் எடுத்து, நான்கு டிஸ்கில் பிரித்து, ஒரு டிஸ்க் செத்தால் அதிலிருந்ததை மீட்டுத் தரும் சமன் கணக்கையும் புதிதாகப் போட்டு வைக்க வேண்டும். ஏறக்குறைய 29 மணி நேரம் என்று திரை சொல்கிறது.

மே 11, ஞாயிறு

எதிர்சேவைக்கு எல்லாரும் தல்லாகுளம் போய்விட்டார்கள். நான் ஃபேனுக்குக் காவல்.

மாலை 6.40க்குக் காற்று, இடி, மழை. கரன்ட் போயிற்று. அட்டவணையில் இல்லாத மின்தடைக்கு அத்தானின் யோசனை உதவாது, கரன்ட் போனதும் மின்கலத்தில் சிறிது நேரம் ஓட்டும் யூபிஎஸ்தான் உதவ வேண்டும். வீட்டு இன்வெர்ட்டரை நம்பி இதை விட முடியாது. ஃபேனும் டியூப்லைட்டும் பொறுத்துக்கொள்ளும் மாறுதல் நேரத்தைக் கம்ப்யூட்டர் பொறுக்காமல் போகலாம், தவிர மின்சாரம் போனதை இயந்திரத்துக்குச் சொல்ல என் இன்வெர்ட்டருக்கு வாய் இல்லை. 600 விஏ யூபிஎஸ் யூஎஸ்பி கம்பி வழியே சொல்லும். மின்கலம் தாழ்ந்ததும் நாஸ் முறையாக அணைந்தது. அப்போது 81 சதவீதம்.

எட்டரைக்கு வெளிச்சம் வந்தது. எங்கே நிறுத்தினோம் என்பதை எம்டிஏடிஎம் டிஸ்குகளிலேயே குறித்து வைத்துக்கொள்கிறது. 81லிருந்தே தொடர்ந்தது. இது தெரிந்த சங்கதிதான், ஆனாலும் எண் நகரும் வரை நான் சாப்பிட உட்காரவில்லை.

மே 12, திங்கள்

இரண்டு மணிக்கு விரிப்பு முடிந்தது. கோப்பு முறைமைக்கு இன்னும் பழைய அளவுதான் தெரியும், அதையும் நீட்டினேன். சில நிமிட வேலை. 10.9 என்று காட்டுகிறது. அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்க அத்தான் அழைத்தபோது நான் தூக்கத்தில் இருந்தேனாம்.

மே 18, ஞாயிறு

பிஸ்கட் டப்பா டிஸ்குகளை ஒவ்வொன்றாக இறக்கிக்கொண்டிருக்கிறேன். ஃபோல்டர் பெயர்கள் ‘புதுசு’, ‘புதுசு 2’, ‘மண்டபம் கடைசி’ என்று இருக்கின்றன. ஆண்டு, மாதம், ஊர், மாப்பிள்ளை பெண் பெயர் என்று மாற்றும் வேலையை அத்தானிடமே விட்டேன். முகத்தைப் பார்த்ததும் மண்டபத்தையும் சமையல்காரரையும் சேர்த்துச் சொல்கிறார்.

இன்று ஒரு சாக்குப் பையையும் இறக்கிவிட்டுப் போயிருக்கிறார்: மினி டி.வி. (MiniDV) என்ற பழைய கேம்கார்டர் கேசட்டுகள். ஒரு மணி நேரப் பதிவுக்கு 13 ஜிபி ஆகும். இடம் போதும். ஆனால் கேம்கார்டரிலிருந்து எடுக்க ஃபயர்வயர் என்ற பழைய வகை இணைப்பு வேண்டும், அது இந்த மதர்போர்டில் இல்லை. நாளை டவுன் ஹால் ரோட்டில் பழைய கார்டு கிடைக்குமா என்று கேட்க வேண்டும்.