மூக்குத்தி கழற்றிய கதை

ஆனி பிறந்தால் சாரல் வரும் என்று செங்கோட்டையே காத்திருக்கும். நான் சேலைத் தலைப்பால் வலது கன்னத்தைப் பொத்திக்கொண்டு அலைவேன். ஆரியங்காவுக் கணவாய்க் காற்று மூக்கோரம் பட்டால் போதும், கடைவாயிலிருந்து கண்ணுக்குக் கீழ் வரை சுரீரென்று கரண்ட் அடிக்கும். பத்து நொடிதான். அதற்குள் கையில் இருந்த டம்ளர் தரையில் கிடக்கும்.

முதலில் பல்வலி என்றே நினைத்தேன். பல் டாக்டரும் அப்படியே நினைத்து ஒரு கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினார். வலி போகவில்லை என்றதும் பக்கத்துப் பல்லையும். முறுக்கு கடிக்கும்போதெல்லாம் அவரை நினைத்துக்கொள்கிறேன். அத்தை முகவாதம் என்றார். முகவாதம் என்றால் வாய் கோணும். எனக்கோ முகம் முழுசாக இருந்தது. அதனாலேயே வலியை யாரும் நம்பவில்லை.

இரண்டு வருஷம் கழித்து, தம்பிதான் புளியரை, தென்மலை வழியாகத் திருவனந்தபுரம் கூட்டிப்போனான். பஸ்ஸில் ஷட்டரை இறக்கிவிட்டே உட்கார்ந்தேன். நரம்பு டாக்டர் "பல்லினு குழப்பம் இல்லா" என்றார். மலையாளத்தில் குழப்பம் என்றால் கோளாறு. எனக்கு இருந்ததெல்லாம் தமிழ்க் குழப்பம். டிரைஜெமினல் நியூரால்ஜியாவாம். முகத்தின் உணர்வைக் கொண்டுபோகும் ஐந்தாம் நரம்பு மூளைத்தண்டில் சேரும் இடத்தில், ரத்தக்குழாய் ஒன்று உரசி உரசி நரம்பின் மேலுறை தேய்ந்திருக்கிறது. ரப்பர் போன வயர் மாதிரி. எம்.ஆர்.ஐ.யில் கட்டி இல்லை என்ற பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

சாதாரண வலி மாத்திரைக்கு இது அடங்காது. வலிப்புக்குக் கொடுக்கும் கார்பமசெபினை 100 மில்லிகிராம், இரண்டு வேளை என்று ஆரம்பித்து மெல்ல ஏற்றினார்கள். வலி தணிந்தது, ஆனால் முதல் மாதம் குடித்தவள் போலத் தள்ளாடினேன். சோடியம் குறையலாம் என்று அடிக்கடி ரத்தப் பரிசோதனை வேறு. நாலு மாதம் நிம்மதியாகப் போனதும் நானாக நிறுத்தினேன். பொங்கலன்று பல் தேய்க்கும்போது திரும்பி வந்தது. டாக்டரிடம் வாங்கிய திட்டு தனி. மாத்திரை கேட்காமல் போனால் காதுக்குப் பின்னால் திறந்து, குழாய்க்கும் நரம்புக்கும் நடுவே டெஃப்ளான் பஞ்சு வைப்பார்களாம். அதுவரை மாத்திரையிலேயே ஓடட்டும்.

இப்போது வெந்நீர்த் துணியால் ஒற்றித்தான் முகம் கழுவுகிறேன். மஞ்சள் தேய்ப்பதில்லை. மூக்குத்தி பீரோவில் இருந்தது. அத்தைக்கு அது மட்டும் பொறுக்கவில்லை. போன கார்த்திகையில், காற்று அடங்கியபின், போட்டுப் பார்த்தேன். திருகாணி முடுக்கும்வரை ஒன்றுமில்லை. அடுப்படிக்குப் போய் அத்தையிடம் காட்டினேன்.

"பல்லு தேச்சிட்டியா?" என்றார்.

இன்னும் தேய்க்கவில்லை.