காய்கறி ரிசோட்டோவுக்குத் தொட்டுக்கொள்ள: சேலம் சந்தையில் கிடைப்பதை வைத்து

இத்தாலிக்காரர்களின் குழைந்த அரிசிச் சாப்பாடான ரிசோட்டோவைக் காய்கறி போட்டுப் பதமாகக் கிண்டி இறக்குகிறவர்கள்கூட, பக்கத்தில் என்ன வைப்பது என்று வரும்போது கைக்கு வந்ததைச் செய்துவிடுகிறார்கள். சோறு என்றாலே ஒரு பொரியல், ஒரு கூட்டு, நாலு அப்பளம் என்று மனசு தானாகப் போய்விடும். ரிசோட்டோவுக்கு அது ஒத்துவராது. வெண்ணெய், சீஸ், காய் வேகவைத்த சாறு, உப்பு எல்லாம் ஏற்கெனவே அதற்குள் ஏறியிருக்கிறது. அரிசியிலிருந்து இறங்கிய மாவு எல்லாவற்றையும் குழைவாகப் பிடித்து வைத்திருக்கிறது. அந்தத் தட்டில் இல்லாதவை மொறுமொறுப்பு, புளிப்பு, லேசான கசப்பு. இந்த மூன்றில் இரண்டையாவது கொண்டுவருகிற பதார்த்தம் எதுவானாலும் பொருந்தும். மூன்றில் ஒன்றுகூட இல்லையென்றால் எவ்வளவு ருசியாகச் செய்தாலும் நாலாவது வாயில் திகட்டிவிடும்.

இத்தாலியில் பொதுவாக ரிசோட்டோ முதல் சுற்றில் தனியாக வரும். சாலட்டும் காயும் அடுத்து வரும் கறி, மீனோடுதான். மிலானில் மட்டும் குங்குமப்பூ ரிசோட்டோவோடு கன்றின் கால்கறியை ஒரே தட்டில் வைப்பது பேர்போன வழக்கம். அந்தக் கறியின் மேலும் எலுமிச்சைத் தோல், பூண்டு, பார்ஸ்லி மூன்றையும் பொடியாக அரிந்து தூவுவார்கள். கொழுப்பை வெட்ட ஏதாவது வேண்டும் என்பது அங்கேயும் தெரிந்த கணக்குதான். நாம் ரிசோட்டோவையே முழுச் சாப்பாடாக வைக்கிறோம் என்றால் ஆளுக்கு 80 கிராம் அரிசி, பக்கத்தில் 120 முதல் 150 கிராம் காய் அல்லது பழம் என்று வைத்துக்கொள்ளலாம்.

குளிர்காலத்தில் ஏற்காட்டு ஆரஞ்சு கிடைக்கிறபோது வேறெதையும் தேட வேண்டாம். நாலு பேருக்கு ஐந்து பழம். தோல் தளர்வான கமலா ரகத்தைக் குறுக்கே வட்டமாக வெட்டினால் உதிர்ந்துபோகும். சுளையாகப் பிரித்து, முதுகுப்பக்கம் கீறி, விதையை எடுத்து, நாரை உரித்துவிடுங்கள். அளவில் சிறியதான பெரிய வெங்காயம் ஒன்றில் பாதியைக் காகிதம்போல் சீவி, பத்து நிமிடம் குளிர்ந்த தண்ணீரில் போட்டுப் பிழிந்தால் காரம் இறங்கிவிடும். மலை மிளகு அரை டீஸ்பூனைக் கல்லில் ஒன்றிரண்டாகத் தட்டுங்கள். மிக்சியில் பொடித்த மிளகு நெடிதான் தரும். கடிபடும்போது வருகிற வாசம் தட்டிய மிளகில்தான் இருக்கிறது. ஒரு டேபிள்ஸ்பூன் ஆலிவ் எண்ணெய், இரண்டு சிட்டிகை உப்பு, அவ்வளவுதான். சிசிலித் தீவில் ஆரஞ்சு, வெங்காயம், மிளகு, எண்ணெய் சேர்த்து இதே முறையில் சாலட் செய்கிறார்கள். அந்த நாலில் ஆரஞ்சும் மிளகும் நம் சேர்வராயன் மலையிலேயே விளைகின்றன. கலந்து வைத்தால் பத்து நிமிடத்தில் தண்ணீர் விட்டு, ரிசோட்டோ பக்கம் ஓடி அதையும் நீர்க்கச் செய்யும். பரிமாறும்போது கலந்து, தனிக் கிண்ணத்தில் வையுங்கள்.

ஆரஞ்சு இல்லாத மாதங்களுக்கு வேறு இருக்கிறது. மழைக்காலத்தில் மலைப் பேரிக்காய் வரும். கடித்தால் நறுக்கென்று இருக்கிற அந்தக் கெட்டிக்காயே நல்லது, பழுக்கக் காத்திருக்க வேண்டாம். மெல்லிய வில்லையாக்கி உடனே எலுமிச்சைச் சாறு புரட்டாவிட்டால் கறுத்துவிடும். கோடையில் மாங்காயைத் தீக்குச்சி கனத்தில் அரிந்து வெள்ளரியோடு சேர்த்தால் எலுமிச்சையே தேவையில்லை. வெள்ளரியை மட்டும் முதலில் உப்புப் பிசறி (400 கிராமுக்கு அரை டீஸ்பூன்) கால் மணி நேரம் கழித்துப் பிழிந்துவிடுங்கள்.

சூடான காய் வேண்டும் என்றால் பீன்ஸ். சூரமங்கலம் உழவர் சந்தையில் காலையிலேயே போனால், வளைத்தால் பட்டென்று ஒடிகிற பிஞ்சாகப் பார்த்து அரை கிலோ எடுக்கலாம். இரண்டு லிட்டர் கொதிக்கிற தண்ணீரில் ஒரு டேபிள்ஸ்பூன் உப்பு, பீன்ஸ் முழுசாக, மூடாமல் நாலு நிமிடம். உடனே ஐஸ் தண்ணீருக்கு மாற்றி, ஆறியதும் துணியில் ஈரம் போக ஒற்றுங்கள். இங்கேதான் பெரும்பாலும் கெடுகிறது: ஈரத்தோடு வாணலியில் போட்டால் வதங்காது, வெந்துகொண்டே இருக்கும். கடலை எண்ணெய் ஒரு டேபிள்ஸ்பூனில் நசுக்கிய பூண்டு மூன்று பல், பீன்ஸ், பெருந்தீயில் இரண்டு நிமிடம். அடுப்பை அணைத்த பிறகு எலுமிச்சைத் தோலைத் துருவிப் போட்டு, வறுத்த நிலக்கடலையை உடைத்துத் தூவுங்கள். சாறு பிழிவது தட்டில் வைத்த பிறகுதான். புளிப்பும் சூடும் சேர்ந்தால் பச்சை நிறம் பழுப்பாகிவிடும். தேங்காய்ப்பூ வேண்டாம். வெண்ணெய்க்கு மேல் இன்னொரு கொழுப்பும் இனிப்பும் எதற்கு?

கசப்புக்கு இத்தாலியில் ராடிச்சியோ, அருகுலா என்ற கசப்புக் கீரைகள். இங்கே பிஞ்சு வெந்தயக்கீரை கிடைக்கிறதே! இரண்டு கைப்பிடி இலையை மட்டும் ஆய்ந்து, பச்சையாகவே எண்ணெய் இரண்டு பங்கு, எலுமிச்சைச் சாறு ஒரு பங்கு அடித்துக் கடைசி நிமிடத்தில் புரட்டினால் பூசணி ரிசோட்டோவின் இனிப்புக்கு இதைவிடப் பொருத்தம் கிடையாது. முற்றிய கீரையாக இருந்தால் கசப்பு ஓங்கிவிடும்.

எந்த ரிசோட்டோவுக்கு எது என்பதையும் பார்க்க வேண்டும். காளானுக்கு பீன்ஸும் எலுமிச்சையும். பட்டாணிக்கு பேரிக்காயோ ஆரஞ்சோ. தக்காளி போட்டதற்குப் புளிப்பு சாலட் வைத்தால் வாய் கூசும். அதற்கு வாட்டிய காலிஃபிளவர் சரி. 220 டிகிரி ஓவனில் 25 நிமிடம், தட்டில் பூக்கள் ஒன்றையொன்று தொடாமல். நெருக்கி அடுக்கினால் ஆவியில் வெந்து குழையும், ஓரம் சிவக்காது. ஓவன் இல்லாத வீட்டில் இரும்பு தோசைக்கல்லே போதும், இரண்டு தடவையாகப் போடுங்கள். ரிசோட்டோவுக்குள் இருக்கிற காயையே பக்கத்திலும் வைக்காதீர்கள்.

பூண்டு ரொட்டி, கிரீம் சூப், உருளைக்கிழங்கு வறுவல் மூன்றையும் நான் சேர்க்கவே மாட்டேன். மாவுக்கு மேல் மாவு. அப்பளத்தில் உப்பு அதிகம், சீஸில் உப்பு அதிகம், இரண்டும் சேர்ந்தால் தண்ணீர் குடித்தே வயிறு நிறையும். மொறுமொறுப்புக்கு சேலத்துத் தட்டுவடை இருக்கிறது. தட்டுவடைக்கு நடுவே காயும் சட்னியும் வைத்து விற்கிற ‘செட்’டில் இருக்கிற மாதிரி கேரட், பீட்ரூட் துருவலில் எலுமிச்சை பிழிந்து, மேலே தட்டுவடையை உடைத்துப் போடுங்கள். காரச் சட்னியை மட்டும் விட்டுவிட வேண்டும். அது பட்டால் சீஸின் வாசமே தெரியாது. அசைவம் சாப்பிடுகிறவர்களுக்கு மீன் துண்டை உப்பும் மிளகும் மட்டும் போட்டு வாட்டலாம்.

சீஸ் என்றதும் ஒரு விஷயம். அசல் பார்மிஜானோ ரெஜ்ஜானோவில் பாலைத் திரிக்கக் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுத்த ரென்னெட் சேர்க்கிறார்கள். சைவ விருந்தாளிக்கு வைக்கும்முன் பாக்கெட்டில் பச்சைப் புள்ளி இருக்கிறதா என்று பார்த்தே வாங்குங்கள்.

நேரம்தான் முக்கியம். முதல் கரண்டி சாறு ஊற்றியதிலிருந்து அரிசி வேக 18 நிமிடம் ஆகும், இறக்கி வெண்ணெய், சீஸ் போட்டுக் கிளறி இரண்டு நிமிடம் மூடி வைக்க வேண்டும். அதற்குமேல் அது யாருக்காகவும் காத்திருக்காது, இறுகிப்போகும். ஆகவே காலிஃபிளவர் ஓவனுக்குள் போன பிறகே அரிசியை வறுக்க ஆரம்பியுங்கள். பீன்ஸ் வேகவைத்துத் துடைத்து முன்னமே தயாராக இருக்கட்டும். ரிசோட்டோ மூடியிருக்கும் அந்த இரண்டு நிமிடத்தில் பீன்ஸை வதக்குவதும் சாலட்டைப் புரட்டுவதும் முடிந்துவிடும்.

ஏற்காட்டில் சமைக்கிறவர்கள் இந்தக் கணக்கைக் கொஞ்சம் தள்ளிப் போட வேண்டும். சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். அரிசிக்கு மூன்று நாலு நிமிடம் கூடப் பிடிக்கும், பீன்ஸுக்கு ஒரு நிமிடம் கூட. சாறு ஒரு டம்ளர் அதிகமாகக் காய்ச்சி வைத்துக்கொள்ளுங்கள். குளிரில் தட்டு சில்லென்று இருந்தால் ரிசோட்டோ போட்டதுமே கட்டியாகும், வெந்நீரில் அலசித் துடைத்த தட்டில் பரிமாறுங்கள். சேலத்து மே மாத வெயிலில் அந்தக் கவலை இல்லை. அங்கே குளிர வேண்டியது சாலட் கிண்ணம், அதை அரை மணி நேரம் முன்பே ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள்.

மிஞ்சிய ரிசோட்டோவை ஃப்ரிட்ஜில் வைத்து, மறுநாள் விரல் கனத்துக்குத் தட்டி, வெண்ணெய் விட்டு இருபுறமும் முறுகலாக வாட்டலாம். மிலானிலும் அப்படித்தான் செய்கிறார்கள். இப்போது மொறுமொறுப்பு அதிலேயே வந்துவிடும், அதனால் தட்டுவடை வேண்டாம். எலுமிச்சை புரட்டிய வெந்தயக்கீரை மட்டும் போதும்.