கான் பாயும் இத்தாலிக்காரர் கையும்

ஷார்ஜாவில் குப்பை கொட்டியவர்களுக்குக் காலித் லகூனைத் தெரியாமல் இருக்காது. சாயங்காலமானால் குடும்பம் குடும்பமாகப் பாய் விரித்து உட்காரும் புஹைரா கார்னிஷ், கரையில் அல் நூர் பள்ளிவாசல், எதிரே அல் மஜாஸ் பூங்கா. டிசம்பர் வந்தால் அந்தத் தண்ணீரில்தான் ஃபார்முலா 1 படகுப் பந்தயம். எஃப்1எச்2ஓ என்று போட்டிருக்கும். 2000ஆம் ஆண்டு முதல் ஷார்ஜாவுக்கு வருகிறது, பெரும்பாலும் அந்த வருடத்தின் கடைசிப் பந்தயம் இங்கேதான். கார்னிஷில் நின்று பார்க்க டிக்கெட் கிடையாது என்பதால் வெள்ளிக்கிழமை லீவில் நம்ம ஆட்கள் கூட்டம் அள்ளும்.

நான் வேடிக்கை பார்க்கப் போனவன் இல்லை. கிரேன் வாடகைக்கு விடும் ஒரு கம்பெனியில் ரிக்கர் வேலை. சாமானைக் கொக்கியில் மாட்டி, ஆபரேட்டருக்குக் கை காட்டி, ஏற்றி இறக்க வேண்டும். பந்தயப் படகுகளைத் தண்ணீரிலேயே கட்டிப்போட்டு வைக்க மாட்டார்கள். ஒவ்வொரு தடவையும் கரையிலிருந்து கிரேனில் தூக்கித் தண்ணீரில் வைத்து, ஓடி முடித்ததும் மறுபடி தூக்க வேண்டும். ஆபரேட்டர் கான் பாய், பெஷாவர்காரர், நான் கல்ஃபுக்கு வருவதற்கு ரொம்ப காலம் முன்பே வந்துவிட்டவர். சூப்பர்வைசர் ஆலப்புழாக்காரச் சேட்டன். அவருக்கு இந்தப் பந்தயத்தில் மரியாதையே இல்லை. "நூறு பேர் சேர்ந்து துடுப்புப் போடணும், அதுக்குப் பேர் வள்ளங்களி. ஒருத்தன் மட்டும் உட்கார்ந்து போறதுக்கு எதுக்கடா இத்தனை போலீஸ்?" என்பார். அவர் ஊரில் வள்ளங்களி நடக்கும் புன்னமடைக் காயலைத் தவிர வேறு எந்தத் தண்ணீரிலும் அவர் பந்தயத்தை ஒப்புக்கொண்டதில்லை.

ஆனால் அந்தப் படகைக் கிட்டத்தில் பார்த்தால் வாய் அடைத்துப் போகும். ஆறு மீட்டர் நீளம், இரட்டை அடிப்பாகம், எல்லாம் கார்பன் ஃபைபர் சமாசாரம். எஞ்சினோடு சேர்த்து அரை டன் வாக்கில்தான் எடை. பின்னால் இரண்டரை லிட்டர் வி6 டூ ஸ்ட்ரோக் எஞ்சின், 400 குதிரைத்திறன். எங்கள் தொண்டிக் கடற்கரையில் 9.9 குதிரைத்திறன் மோட்டார் வைத்த ஃபைபர் போட்டுக்காரன் என்றால் கொஞ்சம் வசதியான ஆள். இதுவோ மணிக்கு 200 கிலோமீட்டரைச் சர்வ சாதாரணமாகத் தாண்டும். இரண்டு அடிப்பாகத்துக்கும் நடுவே காற்று புகுந்து தூக்குவதால் தண்ணீரில் முக்கால்வாசி படுவதே இல்லை. பிரேக் கிடையாது, கியரும் கிடையாது.

அந்த எஞ்சின்கள் நான்கு சேர்ந்து உறுமினாலே பக்கத்தில் நிற்பவன் பேசுவது காதில் விழாது. எல்லோர் காதிலும் மஃப் வேறு. அதனால் இத்தாலி, ஸ்வீடன், ஃபின்லாந்து, அமெரிக்கா, பிரான்ஸ், போர்ச்சுகல், அமீரகம் என்று எங்கிருந்து வந்தவராக இருந்தாலும் அங்கே கையால்தான் பேசியாக வேண்டும். கூத்து அங்கேதான் ஆரம்பம்.

கிரேன் வேலைக்குக் கைச்சைகை உலகம் பூராவும் ஏறக்குறைய ஒன்றுதான். முன்னங்கையை நிமிர்த்திச் சுட்டுவிரலை மேலே காட்டி வட்டம் போட்டால் தூக்கு. விரலைக் கீழே காட்டி வட்டம் போட்டால் இறக்கு. சைகை காட்டும் கைமேல் இன்னொரு கையை அசையாமல் பிடித்தால் மெதுவாகச் செய். ஆபரேட்டர் ரிக்கர் சொல்வதை மட்டுமே கேட்க வேண்டும். "நிறுத்து" மட்டும் விதிவிலக்கு, அதை யார் காட்டினாலும் நிறுத்த வேண்டும். இவ்வளவும் எங்களுக்கு அத்துப்படி. இத்தாலிக்காரர்களுக்கு வாய் திறந்தாலே கை கூட வரும் என்பதை மட்டும் யாரும் பயிற்சியில் சொல்லித் தரவில்லை.

ஒரு வருடம் பயிற்சி ஓட்டத்துக்கு மணி ஆகிக்கொண்டிருந்தது. மற்ற படகுகள் பாதி இறங்கிவிட்டன. ஒரு இத்தாலி டீமின் படகு கொக்கியில், தரையிலிருந்து ஓர் ஆள் உயரத்தில். அவர்களுடைய மெக்கானிக்குக்கு நரைத்த மீசை, கழுத்தில் கண்ணாடி. நேரமாகிறதே என்ற அவசரம் அவருக்கு. ஐந்து விரல் நுனிகளையும் ஒன்றாகக் குவித்து, கையை மேலும் கீழும் ஆட்டி ஏதோ கத்தினார். அவர் ஊரில் அதற்கு "என்னய்யா பண்றே, ஏன் இப்படி இழுத்தடிக்கிறே?" என்று அர்த்தம். அரபு நாட்டில் அதே குவித்த விரல்களுக்கு "பொறு, நிதானம்" என்று அர்த்தம்.

பக்கத்தில் கந்தூரா போட்ட ஒரு கமிட்டிப் பெரியவர் நின்றுகொண்டிருந்தார். இத்தாலிக்காரரின் கையைப் பார்த்துவிட்டு ரொம்ப திருப்தியாக என்னிடம் திரும்பி, "ஷ்வய் ஷ்வய் என்கிறார். பாவம், படகுமேல் அவ்வளவு அக்கறை" என்றார். படகுக்குச் சொந்தக்காரனே மெதுவாக என்றால் நமக்கென்ன? மேலே ஒரு கை வைத்துக் காட்டினேன். கான் பாய் அதற்குள் கேபினிலிருந்தே இத்தாலிக்காரரைப் பார்த்துத் தலையாட்டி, வேகத்தைப் பாதியாகக் குறைத்துவிட்டார்.

இத்தாலிக்காரர் இரண்டு கைகளையும் குவித்தார்.

கான் பாய் இன்னும் குறைத்தார். படகு இறங்குகிறதா, காற்றில் தொங்குகிறதா என்றே தெரியவில்லை. மீசைக்காரர் முகம் சிவந்து, குவித்த கைகளைக் கிட்டத்தட்ட என் மூக்குக்கு நேரே கொண்டுவந்து ஆட்டினார். பெரியவர் அவர் தோளைத் தட்டி, தன் விரல்களையும் அதேபோலக் குவித்து, புன்னகையோடு மெள்ள ஆட்டிக் காட்டினார். "ஆமாம் ஆமாம், நிதானமாகத்தான் செய்கிறார்கள்." ஒருவர் ஆத்திரத்தில் ஆட்டுகிறார், ஒருவர் சாந்தமாக ஆட்டுகிறார், கை மட்டும் ஒரே கை. பத்தடி தள்ளி நின்ற பிரெஞ்சு டீம்காரர்களுக்கு இரண்டும் புரிந்திருக்க வேண்டும், குனிந்து குனிந்து சிரித்தார்களே தவிர ஒருத்தன் வாய் திறக்கவில்லை. படகு தண்ணீரைத் தொட்டபோது பயிற்சி தொடங்கி ஐந்து நிமிடம் ஆகியிருந்தது. கான் பாய் கேபினிலிருந்து இறங்கி வந்து, "இப்படி ஒரு பொறுமைசாலி வெள்ளைக்காரனை நான் பார்த்ததில்லை" என்றார்.

அமெரிக்கர் ஒருவரோடு வேறு பிரச்சினை. எது நடந்தாலும் கையை நீட்டிக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவார். கிரேன் பாஷையில் அது "பூமைத் தூக்கு", அதாவது கிரேனின் நீண்ட கையையே உயர்த்து. அவர் சந்தோஷப்படும்போதெல்லாம் கான் பாய் லீவரிலிருந்து கையை எடுத்துவிட்டு என்னைப் பார்ப்பார், நான் இல்லை என்று காட்ட வேண்டும். கடைசியில் அவர் பக்கம் போய் நின்று அவரை மறைத்துக்கொண்டே வேலை பார்த்தேன்.

ஸ்வீடன்காரர்களுக்கு அந்த டிசம்பர் வெயிலே பெரிய வரம். அவர்கள் ஊரில் பனி கொட்டும் நேரத்தில் இங்கே இருபத்தைந்து டிகிரி. கன்டெய்னரைத் திறந்ததும் சட்டையைக் கழற்றிவிடுவார்கள். ஷார்ஜாவிலோ ஆம்பளையானாலும் பொது இடத்தில் வெறும் மேலோடு நிற்கக் கூடாது. அமீரகத்திலேயே கட்டுப்பாடு அதிகமான ஊர். செக்யூரிட்டி நேபாளிப் பையன் ஒருவன் ஓடிப்போய், பேச முடியாத சத்தத்தில், தன் நெஞ்சைத் தடவிக் காட்டினான். "சட்டை, சட்டை" என்கிறானாம். ஸ்வீடன்காரர் புரிந்துகொண்டு, பையிலிருந்து வெயிலுக்குத் தடவும் கிரீமை எடுத்து அவன் உள்ளங்கையில் பிதுக்கிவிட்டார். அவன் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் என்னிடம் வந்து நின்றான்.

கூடாரத்தில் கஹ்வா நடக்கும். அரபிக் காப்பி, கைப்பிடி இல்லாத சின்னக் கோப்பையில் அடியில் கொஞ்சம் ஊற்றிப் பேரீச்சம்பழத்தோடு கொடுப்பார்கள். போதும் என்றால் கோப்பையை இப்படியும் அப்படியும் இரண்டு ஆட்டு ஆட்டித் தர வேண்டும். ஆட்டாமல் நீட்டினால் மறுபடி ஊற்றுவார்கள். இதெல்லாம் தெரியாத ஒரு ஃபின்லாந்துக்காரர், குடித்த கோப்பையைத் திருப்பித் தருவதுதானே மரியாதை என்று நீட்டிக்கொண்டே இருந்தார். ஊற்றுகிறவரும் விருந்தாளி கேட்கிறார் என்று ஊற்றிக்கொண்டே இருந்தார். தலைக்கு அதிகமாகக் காப்பி குடிக்கும் நாடுகளில் ஃபின்லாந்து முன்வரிசையில் நிற்பது. அதனால் தோற்கவும் அவருக்கு மனமில்லை. ஒரு வார்த்தை பேசாமல் ஜாடியைக் காலி செய்துவிட்டுத்தான் எழுந்தார்.

எந்தப் படகு எந்த நாட்டினுடையது என்று கண்டுபிடிப்பதும் லேசில்லை. சீனா டீம் என்று கொட்டை எழுத்தில் இருக்கும். அதற்கு 2014, 2015, 2016 என்று மூன்று வருடம் வரிசையாக உலகப் பட்டம் வாங்கித் தந்த பிலிப் ஷியாப் பிரெஞ்சுக்காரர். அபுதாபி டீமுக்கு மேனேஜர் இத்தாலிக்காரர் குய்டோ கப்பெலினி, தானே பத்துத் தடவை சாம்பியன். அந்த டீமுக்கு 2018, 2019 பட்டங்களை ஓட்டிக் கொடுத்தவர் ஷான் டொரென்டே, அமெரிக்கர். 2018 நவம்பரில் விஜயவாடாவில் கிருஷ்ணா நதியில் பந்தயம் நடந்தபோது ஸ்வீடன்காரர் யோனாஸ் ஆண்டர்சன் "டீம் அமராவதி" என்ற பெயரில் ஓட்டினார். எங்கள் ரூமில் இருந்த குண்டூர்க்காரன் ஒரு வாரம் அவரைச் சொந்தக்காரன் மாதிரிப் பேசிக்கொண்டிருந்தான். சேட்டன் மட்டும் அசரவில்லை. "நம்ம கம்பெனி எப்படி? பேர் அரபி, கணக்கு மலையாளி, கிரேன் பட்டான், வேலை தமிழன். அதே கதைதான்."

எல்லா நாட்டுக்காரர்களும் ஒத்துப்போன விஷயம் ப்ரொப்பல்லர். ஒவ்வொரு டீமும் பெட்டி நிறையக் கொண்டுவரும், தண்ணீர் எப்படி இருக்கிறதோ அதற்குத் தக்கபடி மாற்றும். பச்சைக் குழந்தையைக் கண் படாமல் துண்டு போட்டு மூடித் தூக்கிப்போவது மாதிரிதான் அதைக் கொண்டுபோவார்கள். நான் நின்றாலும் மூடுவார்கள். எனக்கு அதைப் பார்த்து என்ன தெரியப்போகிறது?

கண் என்றதும் இன்னொன்று. மீசைக்காரரைச் சமாதானப்படுத்தலாம் என்று பந்தயத்தன்று காலையில், "இன்னைக்கு நீங்கதான் ஜெயிப்பீங்க" என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். மனிதர் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டார். ஜெயிப்பதை முன்கூட்டிச் சொன்னால் இத்தாலியில் ஆகாது, உடனே இரும்பைத் தொட வேண்டும். படகு முழுக்கக் கார்பன் ஃபைபர், கூடாரக் கம்பி அலுமினியம். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு ஓடிவந்து கிரேன் கொக்கியில் தொங்கிய ஷேக்கிள் என்ற இரும்பு வளையத்தைப் பிடித்துக்கொண்டார். கான் பாய் கேபினுக்குப் பின்னால் கட்டியிருக்கும் கறுப்புத் துணியைக் காட்டி, "இதையும் தொடச் சொல்லு, இதுவும் அதுக்குத்தான்" என்றார். தொட்டார்.

பந்தயம் ஆரம்பிப்பது மட்டும் விநோதமான காட்சி. படகுகளை மிதவை மேடையில் வரிசையாக நிறுத்தி, எஞ்சினை அணைத்து வைத்திருப்பார்கள். லைட் அணைந்ததும்தான் ஸ்டார்ட் பண்ண வேண்டும். கார்னிஷில் குழந்தை அழுவது வரை கேட்கும், அடுத்த நொடி காது போய்விடும். நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொட இரண்டு மூன்று வினாடி. ஒவ்வொரு ஓட்டுநருக்கும் கரையில் ஒரு ரேடியோக்காரர் உண்டு. பின்னால் யார் வருகிறார், எங்கே மஞ்சள் கொடி என்று சொல்லிக்கொண்டே இருப்பார். ஸ்வீடன் ரேடியோக்காரர் சுற்றுக்கு ஒரு வார்த்தை சொன்னால் அதிகம். இத்தாலிக்காரர் முக்கால் மணி நேரமும் மூச்சு விடாமல் பேசினார். ஒரு கையில் ரேடியோ, இன்னொரு கையில் அதே குவித்த விரல். ஓட்டுநருக்கு அந்தக் கை தெரியாது என்று அவருக்கு யார் சொல்வது?

2015 டிசம்பர் 18 வெள்ளிக்கிழமை நடந்ததைச் சொல்லாவிட்டால் சேட்டனுக்கு நான் துரோகம் செய்ததாக ஆகிவிடும். ஜும்மா முடிந்த கூட்டம், நல்ல வெயில். முதலாவதாக வந்த படகிலிருந்து இறங்கி ஹெல்மெட்டைக் கழற்றியதும் பொன்னிறத் தலைமுடி. நார்வேக்காரி மாரிட் ஸ்ட்ரோமோய். இந்த ஃபார்முலா 1 படகுப் பந்தயத்தில் ஒரு பெண் ஜெயித்தது அதுதான் முதல் தடவை. பாடகியும்கூட. சேட்டன் காலையில் மூன்று பேரோடு ஷவர்மா பந்தயம் கட்டி, நார்வே பேரைக் கேட்டதும் "அது சும்மா போட்டோவுக்கு" என்று சொல்லியிருந்தார். மூன்று பேருக்கும் வாங்கிக் கொடுத்தார். கொடுத்துக்கொண்டே, துடுப்பு இருந்திருந்தால் கதை வேறு என்றார்.

மேடையில் பாட்டிலைக் குலுக்கிப் பீய்ச்சுவதெல்லாம் உண்டு. ஷார்ஜாவில் மதுவுக்கு முழுத் தடை, அதனால் உள்ளே இருந்தது ஷாம்பெயின் இல்லை என்பது மட்டும் உறுதி. பிசுபிசுவென்று இருந்தது என்று அடுத்த நாள் மேடையைக் கழுவியவன் சொன்னான்.

மீசைக்காரர் டீம் ஜெயிக்கவில்லை. ஆனாலும் சாமான் கட்டும் அன்று ராத்திரி எங்களைக் கூப்பிட்டார். அவர்கள் கன்டெய்னரில் முதலில் இறங்குவதும் கடைசியில் ஏறுவதும் காப்பி மெஷின்தான், ஸ்பேனர் பெட்டியெல்லாம் அப்புறம். சின்னக் கோப்பையில் எஸ்பிரெஸ்ஸோ போட்டுக் கான் பாய் கையில் கொடுத்தார். கான் பாய் ஒரே மடக்கில் குடித்தார், கசப்பில் கண் கலங்கியது. போதும் என்று நாகரிகமாகக் கோப்பையை இரண்டு ஆட்டு ஆட்டி நீட்டினார். காலிக் கோப்பையை ஆட்டிக் காட்டுகிறாரே, இன்னும் வேண்டுமாம் என்று மீசைக்காரருக்கு ஒரே சந்தோஷம். மறுபடி போட்டார். கொடுத்ததை மறுக்கக் கூடாது என்று கான் பாய் குடித்தார், ஆட்டினார். மறுபடி. நான் குறுக்கே கை காட்டியும் பார்த்தேன், "உனக்கும் வேணுமா?" என்று எனக்கும் ஒன்று வந்தது.

கேம்ப்பில் என் கட்டிலுக்கு நேர் கீழ்க்கட்டில் அவருடையது. ஃபஜ்ரு பாங்கு சொல்லும் வரை மனிதர் தூங்கவில்லை. பெஷாவரில் மாமனார் வாங்கிய நிலத்தில் தண்ணீர்ப் பங்கீடு எப்படி என்பதை ஆதியோடந்தமாகச் சொன்னார். நடுநடுவே மேல்கட்டிலை உதைத்து, "மதராசி, கேக்கிறியா?" என்றார்.