முரசு ரீல்

1974 கடைசியில், தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு சிறிய ஊர்த் திரையரங்கில் உதவி ஆபரேட்டராகச் சேர்ந்தேன். உதவி என்றால் பிலிம் சுற்றுவது, அறுந்ததை ஒட்டுவது, கார்பன் குச்சி மாற்றுவது, மூத்த ஆபரேட்டருக்கு வெற்றிலை வாங்கி வருவது. முதல் மூன்றில் தவறினால் திட்டு விழும். நான்காவதில் தவறினால் அன்று முழுவதும் அவர் பேசவே மாட்டார்.

ஆபரேட்டருக்குப் படம் இலவசம் என்று ஊரில் எல்லோருக்கும் பொறாமை. அவர் எங்கே படம் பார்க்கிறார்? சுவரில் இருக்கும் சிறிய சதுர ஓட்டை வழியாகத் திரையின் வலது மேல் மூலையைப் பார்க்கிறார். அங்கே ஒரு புள்ளி மின்னினால் அடுத்த மெஷினின் மோட்டாரை ஓடவிட வேண்டும். ஏழெட்டு விநாடியில் இன்னொரு புள்ளி வரும். அப்போது இதை மூடி அதைத் திறக்க வேண்டும். அந்த நேரத்தில் கதாநாயகி விஷம் குடித்துக்கொண்டிருந்தாலும் நமக்குத் தெரியாது. ஆயிரம் அடி ரீல் ஒன்று பதினோரு நிமிடம் ஓடும். இரண்டை ஒட்டி ஒரு ஸ்பூலாகச் சுற்றிக்கொள்வோம். எங்களுக்குப் படம் என்பது எத்தனை ஸ்பூல், எதில் எத்தனை ஒட்டு, எந்த இடத்தில் பல்துளை கிழிந்திருக்கிறது என்பதுதான்.

இப்படித்தான் ‘சந்திரலேகா’ எனக்கு அறிமுகமானது. பழைய படம் போட்டால் வாடகை குறைவு என்பதால் முதலாளி அதை ஒரு வாரத்துக்கு எடுத்திருந்தார். பஸ்ஸின் கூரையில் வந்து இறங்கிய தகரப் பெட்டிகளைத் தூக்கும்போதே இடுப்பு ஒடிந்தது. மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடும் படம். 1948 ஏப்ரலில் அது வெளிவந்தபோது மூத்த ஆபரேட்டர் என்னைப் போல உதவியாளாக இருந்தாராம். பெட்டியைத் திறந்தவர் பிலிமைப் பார்க்கவில்லை. முதலில் அலமாரியில் கார்பன் குச்சிகளை எண்ணினார். “முரசு வரும்போது புதுக் குச்சி போட வேண்டும். முதலாளியிடம் நான் சொல்லிக்கொள்கிறேன்” என்றார்.

இந்தப் பேச்சின் கனம் அந்த வேலையில் இருந்தவர்களுக்குத்தான் தெரியும். இரண்டு குச்சிகளின் முனைக்கும் நடுவே தாவும் நெருப்புதான் எங்கள் விளக்கு. பின்னால் இருக்கும் கண்ணாடி அதை வாங்கிப் பிலிமின் மீது வீசும். குச்சிகள் எரிய எரிய இடைவெளி கூடும், வெளிச்சம் சோர்ந்துபோகும், திருகித் திருகி நெருக்கிக்கொண்டே இருக்க வேண்டும். முதலாளியோ சுண்டுவிரல் அளவு குச்சி மிஞ்சினாலும் அதை இன்னொன்றோடு சேர்த்து எரிக்கச் சொல்கிறவர். குச்சியின் மேல்பூச்சு உருகிச் சொட்டும் செம்புத் துளிகளைக்கூடக் கணக்குப் பார்த்து வாங்கிக்கொள்வார். அவரிடம் ஒரு படத்தின் ஒரே ஒரு காட்சிக்காகப் புதுக் குச்சி கேட்பது துணிச்சலான காரியம்.

முதல் நாள் படத்தை ஓட்டை வழியாகத் துண்டு துண்டாகப் பார்த்தேன். திறந்த வாய் மூடவில்லை. அரண்மனைகள், யானைகள், குதிரைகள், ஊஞ்சலில் பறக்கிற சர்க்கஸ்காரர்கள். ஏ.கே. சேகர் போட்ட செட்டுகளின் உயரத்துக்கு எங்கள் திரை போதவில்லை என்றே தோன்றியது. ஆனால் இரண்டாம் நாள் இரவு, வீட்டில் அம்மா கதை என்ன என்று கேட்டபோது மாட்டிக்கொண்டேன். இரண்டு இளவரசர்கள், மூத்தவனுக்குப் பட்டம் என்றதும் இளையவன் கொள்ளைக்காரனாகிறான், நடுவில் சந்திரலேகா. இதுவரை சரளமாக வந்தது. பிறகு? மூத்தவனைக் குகையில் போட்டுப் பாறையால் அடைக்கிறார்கள், சர்க்கஸ் யானைகள் பாறையை நகர்த்துகின்றன, பிறகு சர்க்கஸ், என்.எஸ். கிருஷ்ணனும் மதுரமும், பிறகு நாடோடிகள், ஒரு ஆட்டம், பிறகு இன்னொரு ஆட்டம். “அதெல்லாம் சரி, அந்தப் பெண் என்னதான் செய்கிறாள்?” என்றார் அம்மா. “மயக்கம் போட்டு விழுவதுபோல நடிக்கிறாள்” என்றேன். என் குரலே எனக்கு நம்பிக்கை தரவில்லை.

மூன்றாம் நாள் பகல் காட்சியில் தவறு நடந்தது. டப்பாக்களின் மூடி மாறியிருந்தது. நான் எண்ணைப் பார்த்தேனே தவிர உள்ளே இருந்த பிலிமின் தலைப்பைப் பார்க்கவில்லை. ஆறாவது ஸ்பூல் ஓட வேண்டிய இடத்தில் ஏழாவது ஓடியது, அது முடிந்ததும் ஆறாவது வந்தது. நாடோடிகளோடு ஆடிவிட்டுத் திரும்பச் சர்க்கஸுக்கு வந்தார்கள். எனக்கு வியர்த்துவிட்டது. ஏனென்றால் அதற்கு இரண்டு மாதம் முன்பு ஒரு குடும்பப் படத்தில் இதே போல மாறி, பிணமாகக் கிடந்த மாமனார் அடுத்த ஸ்பூலில் எழுந்து காபி கேட்டார். அன்று இரண்டு பெஞ்சுகள் உடைந்தன. கல் ஒன்று ஆபரேட்டர் அறை வரை வந்தது.

இந்த முறை கல் வரவில்லை, விசில்கூட இல்லை. தரை டிக்கெட்டில் யாரோ கைதட்டினார்கள், அதுவும் ஊஞ்சலில் ஒருவன் தாவியதற்காக. சாப்பாட்டுத் தூக்கைக் கையில் வைத்துக்கொண்டு வந்த மூத்த ஆபரேட்டர் மட்டும் வாசலிலேயே நின்று காதைத் தீட்டினார். ஒலியைக் கேட்டே அவருக்குத் தெரிந்துவிட்டது. திட்டுவார் என்று நின்றேன். அவர் ஓட்டை வழியாகக் கூட்டத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். “இரவுக் காட்சிக்குச் சரியாகப் போடு. அவர்களுக்குத் தெரியாவிட்டாலும் நமக்குத் தெரியும் அல்லவா?” என்று சொல்லிவிட்டுத் தூக்கைத் திறந்தார்.

தப்பித்த மகிழ்ச்சியைவிட, எப்படித் தப்பித்தேன் என்பதுதான் என்னை அரித்தது. இரண்டு ஸ்பூலை இடம் மாற்றினாலும் குலையாத கதை என்ன கதை? பல வருடம் கழித்து, படம் உருவான விதத்தைப் படித்தபோது கொஞ்சம் விளங்கியது. படத்தைத் தயாரித்த ஜெமினி ஸ்டுடியோ அதிபர் எஸ்.எஸ். வாசனிடம் முதலில் ஒரு கதை சொன்னார்களாம். அதில் வரும் பெண் கொள்ளைக்காரன் ஒருவனின் மூக்கை அறுத்து அந்த இடத்தில் மிளகாய்ப் பொடியைத் தூவுகிறாள். வாசனுக்கு அந்தக் கோரம் பிடிக்கவில்லை, பெண்ணின் பெயர் பிடித்துவிட்டது. சந்திரலேகா! பெயரை அறிவித்துவிட்டுப் பிறகு கதையைத் தேடினார்கள் என்று சொல்வார்கள். ஜெமினியின் கதை இலாகாவில் கொத்தமங்கலம் சுப்புவையும் வேப்பத்தூர் கிட்டுவையும் சேர்த்துப் பல பேர் உட்கார்ந்து அந்தப் பெயருக்கு ஒரு கதையைத் தைத்தார்கள். இயக்கத்தைத் தொடங்கிய டி.ஜி. ராகவாச்சாரி நடுவில் விலக, வாசனே இயக்குநராகவும் ஆனார். வேலை வருடக்கணக்கில் இழுத்தது. செலவு 30 லட்சம் ரூபாய் என்பது அந்தக் காலத்துப் பேச்சு. இத்தனை கை பட்டு, இத்தனை வருடம் ஊறிய துணியில் தையல் தெரியத்தான் செய்யும். வாசனை நான் குறை சொல்லவில்லை. படம் வெளிவந்த வருடக் கடைசியிலேயே அதை இந்தியிலும் கொண்டுபோய் வட இந்தியாவை மதராஸ் பக்கம் திரும்பிப் பார்க்கவைத்த மனிதர். ஆனாலும் கதை அவருக்கு ஒரு கொடிக்கயிறு. பட்டுப் புடவைகளைக் காயப்போட ஒன்று வேண்டும், அவ்வளவுதான்.

இதை எனக்கு முன்பே கண்டுபிடித்தவர் எங்கள் அரங்கில் முறுக்கு விற்ற பெரியவர். அவருக்குப் படத்தின் எந்த நிமிடத்தில் கூடையோடு உள்ளே போகலாம் என்பது அத்துப்படி. ராஜா ராணி பேசத் தொடங்கினால் போவார். ஆட்டம் வந்தால் வெளியே வந்து பீடி பற்றவைப்பார். கடைசிப் பகுதியில் மட்டும் ஒரு விசித்திரம். முரசு நடனத்துக்கு முன்னால் வரும் பேச்சுக் காட்சியிலும் அவர் உள்ளே போகவில்லை. “போனால் அடிப்பார்கள் தம்பி” என்றார்.

அன்றிரவு ஓட்டையை விட்டு நகராமல் பார்த்தேன். இளையவனை மணக்க சந்திரலேகா சம்மதிக்கிறாள், முரசு நடனம் வைக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனையோடு. அரண்மனை முற்றத்தில் வரிசை வரிசையாக முரசுகள். உள்ளே மூத்தவனின் வீரர்கள் ஒளிந்திருக்கிறார்கள். இளையவன் சசாங்கனுக்கு, அதாவது அந்த வேடத்தில் வரும் ரஞ்சனுக்கு, அது தெரியாது. நமக்குத் தெரியும். மேலே பெண்கள் ஆடுகிறார்கள், தோலில் கால் விழுகிற ஒவ்வொரு அடியும் உள்ளே இருப்பவன் தலைக்கு மேல் விழுகிறது. சர்க்கஸை நீக்கினால் படம் கொஞ்சம் குட்டையாகும், நாடோடி ஆட்டத்தை நீக்கினால் யாரும் தேட மாட்டார்கள். இதை நீக்கினால் மூத்தவன் அரண்மனைக்குள் நுழையவே முடியாது. அம்மா கேட்ட கேள்விக்கும் பதில் இங்கேதான் இருந்தது. மயக்கம் போட்டுக்கொண்டிருந்தவள்தான் அத்தனை முரசுகளையும் வரவழைத்திருக்கிறாள். முரசுகள் திறந்து வீரர்கள் குதித்தபோது தரை டிக்கெட்டு முழுவதும் எழுந்து நின்றது. நான் குச்சிகளைத் திருகி நெருக்க மறந்துவிட்டேன். வெளிச்சம் மஞ்சளாவதைப் பார்த்து மூத்த ஆபரேட்டர் என் முதுகில் ஓங்கி அறைந்தார். புதுக் குச்சி வேறு!

அந்த ஸ்பூலில் வேறெதிலும் இல்லாத அளவுக்கு ஒட்டுகள் இருந்தன. வாரக் கடைசியில் பெட்டி கட்டும்போதுதான் ஏன் என்று யோசித்தேன். ஒட்டிய இடங்களில் பலவற்றில் பிலிம் கிழிந்த அடையாளம் இல்லை. கத்தரிக்கோலால் நேராக வெட்டிய அடையாளம். எந்தெந்த ஊர் ஆபரேட்டர்களோ, ஆளுக்கு நாலைந்து கட்டம் தங்களுக்கென்று எடுத்திருக்கிறார்கள். ஒரு விநாடிக்கு இருபத்து நான்கு கட்டம் ஓடுகிற இடத்தில் நாலு போனால் பார்ப்பவனுக்குத் தெரியாது. ஆனால் இத்தனை வருடத்தில் முரசு நடனம் எங்கள் ஊருக்கு வந்து சேர்வதற்குள் எவ்வளவு குட்டையாகியிருக்குமோ.

மூத்த ஆபரேட்டர் கீழே கணக்கு முடிக்கப் போயிருந்தார். கத்தரிக்கோல் மேசையில் இருந்தது. நானும் மூன்று கட்டம் வெட்டிக்கொண்டு, பசை தடவி ஒட்டி, ஸ்பூலைச் சுற்றி டப்பாவில் வைத்தேன், இந்த முறை மூடியைச் சரிபார்த்து.

அந்தத் துண்டு இப்போதும் ஒரு பவுடர் டப்பாவில் இருக்கிறது. ஜன்னலுக்கு நேராகப் பிடித்தால் முரசுகள் கடுகைவிடச் சிறியதாக, வெள்ளையாக, வரிசை பிசகாமல் தெரிகின்றன. பேத்தி பார்த்துவிட்டு மாத்திரை அட்டையா தாத்தா என்று கேட்டாள்.