லேப்டாப் திரை உடைந்த வாரம்

ஜூலை 7, திங்கள்

சாயங்காலம் லேப்டாப்பைத் திறந்ததும் வயிற்றைப் பிசைந்தது. திரையின் இடது கீழ் மூலையில் மிளகு அளவுக்கு ஒரு கறுப்புப் புள்ளி. அதிலிருந்து மூன்று விரிசல்கள் மேல்நோக்கி ஓடியிருந்தன. அவற்றைச் சுற்றி மை ஊறினாற்போல் கறுப்பு பரவியிருந்தது. வலது பக்கம் மட்டும் படம் தெரிந்தது, அதுவும் பச்சைக் கோடுகளுக்கு நடுவில்.

கீபோர்டின் மேல், கீலை ஒட்டி, ஒரு பென்சில் கிடந்தது. மகள் வீட்டுப்பாடம் முடித்துவிட்டு மூடியிருக்கிறாள். “மெதுவாத்தாம்மா மூடினேன்” என்றாள், கண் கலங்கி. அவள் பொய் சொல்லவில்லை. பாக்குவெட்டியில் பாக்கைக் கீலுக்குப் பக்கத்தில் வைத்தால் எவ்வளவு சுலபமாக வெட்டுகிறது! அதே கதைதான். மூடியை லேசாக அழுத்தினாலும் கீல் பக்கம் இருக்கும் பொருள்மேல் பல மடங்கு விசை இறங்கிவிடும். உள்ளே இருப்பதோ மெல்லிய இரண்டு கண்ணாடித் தகடுகள், நடுவில் திரவப் படிகம். அவளைத் திட்டவில்லை.

டிவியில் எச்.டி.எம்.ஐ. கேபிளைச் செருகி, விண்டோஸ் பட்டனோடு ‘பி’ எழுத்தை அழுத்தினேன். டிவியில் படம் சுத்தமாக வந்தது. அப்போதுதான் மூச்சு வந்தது. மதர்போர்டு பிழைத்திருக்கிறது, போனது படம் காட்டும் திரைத் தகடு, அதாவது பேனல் மட்டும். ஈரோடு புத்தகத் திருவிழாவுக்காக வடிவமைத்துக்கொண்டிருக்கும் 212 பக்கக் கோப்பை உடனே பென் டிரைவில் போட்டுக்கொண்டேன். மற்றதெல்லாம் அப்புறம்.

ஜூலை 8, செவ்வாய்

கம்பெனியின் சர்வீஸ் சென்டருக்குப் போனேன். 2022-ல் வாங்கியது, வாரண்டி முடிந்துவிட்டது. வாரண்டி இருந்திருந்தாலும் பயனில்லை. விழுந்தது, உடைந்தது எல்லாம் சாதாரண வாரண்டியில் வராது, அதற்கென்று தனியாகப் பணம் கட்டிப் பாதுகாப்பு எடுத்திருக்க வேண்டும். கவுன்ட்டரில் இருந்த பெண் பொறுமையாகவே விளக்கினார். பேனல் 13,900 ரூபாய், 18 சதவீத ஜி.எஸ்.டி. தனி. மொத்தம் 16,402. பாகம் வர ஏழிலிருந்து பத்து நாள் ஆகுமாம். பணத்தைவிட அந்தப் பத்து நாள்தான் என்னைத் திரும்ப வைத்தது. வரும் திங்கட்கிழமைக்குள் கோப்பு அச்சகத்தில் இருக்க வேண்டும்.

இரவு டிவியிலேயே வேலை செய்தேன். முதலில் பக்கத்தின் ஓரங்கள் வெட்டுப்பட்டுத் தெரிந்தன. டிவியின் பட அளவு அமைப்பை மாற்றியதும் சரியாயிற்று. ஆனால் நிறத்தை நம்ப முடியவில்லை. அட்டையில் நான் வைத்திருந்த மஞ்சள், டிவியில் ஆரஞ்சாக அடித்தது.

ஜூலை 9, புதன்

பேனலை ஆன்லைனில் வாங்கி நாமே மாட்டலாமா என்று பாதி நாள் படித்தேன். திரையைச் சுற்றியுள்ள சட்டத்தைக் கழற்றி, சில திருகுகள் அல்லது ஒட்டுநாடாவை எடுத்து, பின்னால் இருக்கும் கேபிளைப் பிடுங்கி மாட்ட வேண்டும். என் மாடலில் செய்யக்கூடியதுதான். ஆனால் தப்பான பேனல் வந்தால் திருப்பி அனுப்பி மறுபடி காத்திருக்க வேண்டும். அவகாசம் இருந்தால் முயன்றிருப்பேன்.

படித்ததில் ஒன்று உருப்படியாகக் கிடைத்தது. 15.6 அங்குலம் என்று மட்டும் சொல்லிப் பேனல் கேட்கக் கூடாது. கேபிள் முனையில் ஊசிகள் (பின்) 30-ஆ 40-ஆ, திரையின் புள்ளிக் கணக்கு 1366×768-ஆ (எச்.டி.) 1920×1080-ஆ (ஃபுல் எச்.டி.), ஓரத்தில் திருகு மாட்டும் காது உண்டா இல்லையா, எல்லாம் பொருந்த வேண்டும். இதில் ஒரு மோசமான விஷயம், ஃபுல் எச்.டி. இருந்த இடத்தில் குறைந்த எச்.டி. பேனலை மாட்டினாலும் பெரும்பாலும் வேலை செய்துவிடும். தெரியாதவர்கள் எழுத்து பெரிதாகத் தெரிகிறதே என்று வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள்.

ஜூலை 10, வியாழன்

மந்தைவெளியில் பறக்கும் ரயில் ஏறி, சிந்தாதிரிப்பேட்டையில் இறங்கி, சென்னையில் கம்ப்யூட்டர் பாகங்களுக்குப் பேர்போன ரிச்சி தெருவுக்கு நடந்தேன்.

முதல் கடையில் லேப்டாப்பைத் திறந்துகூடப் பார்க்காமல் “3,800 மேடம், அரை மணி நேரம்” என்றார்கள். ஃபுல் எச்.டி.தானா என்று கேட்டேன். “எல்லாம் ஒண்ணுதான் மேடம்.” வந்துவிட்டேன்.

இரண்டாவது கடை மாடியில், இரண்டு பேர் நின்றால் நிறைந்துவிடும் இடம். இருபத்தைந்து வயதுத் தம்பி ஒருவர். விலை சொல்லவில்லை. “முதல்ல பேனல் நம்பரைப் பார்த்துடுவோம்க்கா” என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகவே உட்கார்ந்தேன்.

முதலில் அடிமூடியைத் திறந்து பேட்டரி இணைப்பைப் பிடுங்கினார். கரண்ட் இருக்கும்போது திரை கேபிளைத் தொட்டால் மதர்போர்டில் திரைக்குப் பின்னிருந்து ஒளி தரும் பின்விளக்குக்கான ஃபியூஸ் போய்விடலாம், அப்புறம் புதுத் திரையும் இருட்டாகத்தான் இருக்கும் என்றார். பிறகு மெல்லிய பிளாஸ்டிக் அட்டையைச் சட்டத்தின் இடுக்கில் நுழைத்து நகர்த்தினார். டிக், டிக் என்று கொக்கிகள் ஒவ்வொன்றாக விட்டன. பேனலைக் கீபோர்டின் மேல் துணி விரித்துக் குப்புறக் கவிழ்த்து ஸ்டிக்கரைக் காட்டினார். ‘என்வி156எஃப்எச்எம்’ என்று தொடங்கியது. 156 என்றால் 15.6 அங்குலம், எஃப்எச்எம் என்றால் ஃபுல் எச்.டி. கேபிள் முனையில் 30 ஊசிகள். பி.ஓ.இ. என்ற சீனக் கம்பெனி செய்தது. லேப்டாப்பின் மேல் என்ன பெயர் போட்டிருந்தாலும் திரையைச் செய்வது பெரும்பாலும் இதுபோன்ற நாலைந்து கம்பெனிகள்தானாம். கூலியோடு 6,200, மூன்று மாத வாரண்டி, பில் உண்டு. சரி என்றேன்.

புதுப் பேனலை முழுசாகப் பொருத்தாமல், கேபிளை மட்டும் மாட்டி, பேட்டரியை இணைத்துத் திரையை எரிய விட்டார். சிவப்பு, பச்சை, நீலம், வெள்ளை, கறுப்பு என்று ஒவ்வொரு நிறத்தையும் திரை நிறைய நிறுத்திக் காட்டினார். கறுப்பில், வலது மேலே, கடுகில் பாதிகூட இல்லாத ஒரு பச்சைப் புள்ளி அணையாமல் நின்றது. நான் கவனித்திருக்கவே மாட்டேன். அவராகவே “இது வேணாம்க்கா” என்று அணைத்து, பையனைக் கீழே அனுப்பி வேறொன்று வரவழைத்தார். இருபது நிமிடம் கூடுதலாக ஆயிற்று. இரண்டாவது சுத்தமாக இருந்தது. செட்டிங்ஸில் 1920×1080 என்று வருவதையும் பார்த்துக்கொண்ட பிறகுதான் சட்டத்தை அமுக்கி மூடினார்.

உடைந்த பேனலை என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். கண்ணாடி போனாலும் உள்ளே எல்.இ.டி. பட்டை நன்றாகவே இருக்கும், வேறொன்றுக்கு ஆகும் என்றார். அவரிடமே விட்டுவந்தேன்.

ஜூலை 11, வெள்ளி

அட்டையின் மஞ்சள் மறுபடி மஞ்சளாகிவிட்டது. டிவியில் திருத்திய பக்கங்களை முழுக்க மீண்டும் படித்தேன். 87-ஆம் பக்கத்தில் ‘மனம்’ இருக்க வேண்டிய இடத்தில் ‘மணம்’ இருந்தது. டிவியில் இரண்டு தடவை படித்தும் கண்ணில் படவில்லை.

ஜூலை 13, ஞாயிறு

இரவு விளக்கை அணைத்துவிட்டுப் பார்த்தபோது, கறுப்புப் பின்னணியில் கீழ் ஓரத்தில் லேசான வெளிச்சக் கசிவு. மனசு கேட்காமல் அந்தத் தம்பிக்குப் படம் எடுத்து அனுப்பினேன். ஞாயிற்றுக்கிழமையும் பதில் வந்தது. இந்த வகைப் பேனலில் அந்த அளவு இருக்கும், ரெண்டு வாரத்தில் கூடினால் கொண்டு வாங்க, மாற்றித் தருகிறேன் என்று. பில்லை லேப்டாப் பைக்குள்ளேயே வைத்தேன்.

கோப்பு 11.40-க்கு அச்சகத்துக்குப் போனது. பென்சில்களுக்கு ஒரு டப்பா வாங்கி மேசையின் அந்தப் பக்கம் வைத்திருக்கிறேன். மகள் அதில் தன் பெயரை எழுதி ஒட்டியிருக்கிறாள்.