சக்கரத்தை மாற்றினேன், நடுக்கம் போகவில்லை

என் சிறு விமானம் புல்தரையில் இறங்கினால் ஒரு தொந்தரவும் இல்லை. தார் ஓடுதளத்தில்தான் வினை. வேகம் குறைந்து வால் அழுந்தியதும் வால் சக்கரம் இடமும் வலமுமாகப் படபடவென்று அடித்துக்கொள்ளும். காலடியில் விமானத்தைத் திருப்பும் மிதிகள் உதறும். விமானமே கழன்று விழப்போவதுபோல் சத்தம் கேட்கும். இதற்கு ஷிம்மி என்று பெயர். பெயரில் இருக்கும் செல்லம் அனுபவத்தில் இல்லை.

என்னுடையது 1946இல் பென்சில்வேனியாவின் லாக் ஹேவனில் செய்த பைப்பர் ஜே-3 கப், முன்னும் பின்னுமாக இரண்டு பேர் உட்காரும் விமானம். 65 குதிரைத்திறன். பார்த்தவர்கள் எல்லோரும் ஒரே வைத்தியம்தான் சொன்னார்கள்: "சக்கரம் தேய்ந்துவிட்டது, மாற்று." நானும் நம்பினேன்.

எதை வாங்குவது என்பதில் ஒரு மாதம் போயிற்று. மால் என்ற நிறுவனத்தின் கெட்டி ரப்பர் வைத்த சிறிய சக்கரம் எடை குறைவு, பஞ்சராகாது. ஆனால் ஈரமான புல்லில் புதையும். காற்றடைத்த ஸ்காட் 3200 என்ற சக்கரம் புல்லில் சுகமாக உருளும். எடைதான் கூடுதல், அதுவும் வாலின் கடைக்கோடியில் ஏறும் எடை. எங்கள் களத்தில் பாதி புல் என்பதால் ஸ்காட்டைத் தேர்ந்தெடுத்தேன்.

அடுத்துச் செய்தது முட்டாள்தனம். மலிவாகக் கிடைத்ததே என்று பழைய ஸ்காட் ஒன்றை வாங்கிவிட்டேன். வருடாந்திரச் சோதனைக்குக் கையெழுத்திடும் மெக்கானிக் அதைக் கையில்கூடத் தொடவில்லை. "இதற்குக் காகிதம் எங்கே?" என்றார். இல்லை. சான்று பெற்ற விமானத்தில் எங்கிருந்து வந்தது என்று தெரியாத பாகத்தைப் பூட்ட முடியாது. விற்றவர் திரும்ப வாங்க மறுத்துவிட்டார். இன்று அது என் ஹேங்கரின் (விமானக் கொட்டகையின்) கதவுக்கு முட்டுக்கொடுத்து நிற்கிறது. பணம் கொடுக்கும் முன் காகிதத்தைக் கேளுங்கள். அந்த மாடல் சக்கரம் உங்கள் விமானத்துக்கு அனுமதிக்கப்பட்டதா என்றும் கையெழுத்திடுபவரிடமே முதலில் கேட்டுவிடுங்கள்.

பிறகு முறையான காகிதங்களோடு புதியதே வாங்கிப் பூட்டினோம். சில இறக்கங்கள் வெண்ணெய்போல் இருந்தன. அப்புறம் அதே படபடப்பு!

விடை ஒரு கிழவரிடம் இருந்தது. பக்கத்து ஹேங்கரில் துணிவேய்ந்த விமானங்களோடு வாழ்நாளைக் கழித்தவர். "ஏறி உட்கார்" என்றார். முன்னிருக்கையில் கால் வைத்தேன். "தனியாகப் பறக்கும்போது எங்கே உட்காருவாய்? அங்கே" என்று அதட்டினார். கப்பில் தனி ஆளுக்குப் பின்னிருக்கைதானே. நான் பின்னால் போய் உட்கார்ந்ததும், நூலில் ஒரு நட்டைக் கட்டி, வால் சக்கரம் திரும்பும் அச்சுக்குப் பக்கத்தில் தொங்கவிட்டார். அச்சின் தலை நூலைவிட்டு முன்பக்கம் சாய்ந்திருந்தது. பாரம் ஏறிய நிலையில் அது செங்குத்தாக நிற்க வேண்டும், அல்லது தலை சற்றே பின்னால் சாய வேண்டும். முன்னால் சாய்ந்தால் சக்கரம் அச்சைத் தொடர்ந்து நேராக உருளாமல் அலைபாயும். சாயக் காரணம் சக்கரமே இல்லை, அதைத் தாங்கும் ஸ்பிரிங் பட்டைகள். வயதாகி வளைவு இழந்து தட்டையாகிவிட்டன. புதுச் சக்கரத்தில் அசைவை அடக்கும் உராய்வுத் தட்டுகள் கொஞ்ச நாள் நோயை மூடி மறைத்தன, அவ்வளவே.

ஸ்பிரிங் அடுக்கை மாற்றினோம். அது அரை நாள் வேலை.

இப்போது டயர் காற்றை அடிக்கடி பார்க்கிறேன். பேரிங்கைக் கழுவிக் கிரீஸ் வைப்பதை அமெரிக்க விதிப்படி விமானி உரிமம் உள்ள உரிமையாளரே செய்யலாம், பதிவேட்டில் எழுதிவிட வேண்டும். வாலைத் தூக்கி நிறுத்திச் சக்கரத்தைக் கையால் பக்கவாட்டில் தள்ளிப் பாருங்கள்: ஒரு கட்டத்தில் மிதியோடு இணைக்கும் பிடி விட்டுச் சுழல வேண்டும், நேராக்கினால் மறுபடி பிடித்துக்கொள்ள வேண்டும். என்னுடையதில் அழுக்கு சேர்ந்து ஒருமுறை பிடிக்காமல் போனது. நல்லவேளை, ஹேங்கருக்குள்ளேயே தெரிந்துவிட்டது.

பட்டை மாற்றிய மறுநாள் தார் ஓடுதளத்தில் இறங்கினேன். வால் அழுந்தியது. மிதியில் கால் வைத்துக் காத்திருந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. நம்பிக்கை வராமல் இன்னும் இரண்டு முறை ஏறி இறங்கிப் பார்த்தேன்.