பவளமல்லி இலை கொட்டினால் பதறாதீர்கள்

மாசி, பங்குனியில் பவளமல்லி மொட்டைக் குச்சியாக நிற்பதைப் பார்த்துப் பலர் 'செடி போச்சு' என்று பயந்து குடம் குடமாய்த் தண்ணீர் ஊற்றுகிறார்கள். செடி சாவது பெரும்பாலும் அந்தத் தண்ணீரால்தான். இலையில்லாத செடி தண்ணீரை அதிகம் இழுக்காது. ஈரம் தேங்கி வேர் அழுகிவிடும். சந்தேகமென்றால் கிளையின் பட்டையை நகத்தால் லேசாகக் கீறுங்கள். உள்ளே பச்சையும் ஈரமும் தெரிந்தால் செடி பிழைத்திருக்கிறது. மேல்மண் இரண்டு விரல்கடை காய்ந்தபின் மட்டும் ஊற்றினால் போதும்.

கவாத்துக்கும், அதாவது கிளை வெட்டிவிடவும், இலை கொட்டி நிற்கும் அந்தச் சமயம்தான் சரியான நேரம். பூங்கொத்து புதுக்கிளைகளின் நுனியிலும் இலைக்கணுக்களிலும்தான் வரும். துளிர் விடுமுன் நீண்ட கிளைகளின் நீளத்தில் மூன்றில் ஒரு பங்கைக் கணுவுக்குச் சற்று மேலே வெட்டிவிடுங்கள். ஆடி, ஆவணியில் கத்தரியோடு போனால் அந்த வருஷப் பூ அத்தனையும் குப்பைக்குத்தான்.

புதிதாக வைப்பவர்கள் மழைக்காலத்தில் பென்சில் பருமனுள்ள முற்றிய குச்சியை முக்கால் அடி நீளத்துக்கு வெட்டி, இரண்டு கணு மண்ணுக்குள் இருக்கும்படி நிழலில் ஊன்றலாம். விதையும் முளைக்கும். தட்டையான வட்டக் காய் பழுப்பானதும் பிளந்தால் அறைக்கு ஒன்றாக இரண்டு விதை இருக்கும். விதைச்செடி பூக்க 2, 3 வருஷம் ஆகும். தொட்டியென்றால் 18 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. செம்மண் 2 பங்கு, மணல் 1, மட்கிய தொழுவுரம் 1. தினம் 5 மணி நேர வெயில் அவசியம். நிழலில் வைத்தாலும், யூரியா போட்டாலும் இலைதான் மண்டும், பூ வராது.

மழை நாட்களில் அடிமரத்தில் கம்பளிப்பூச்சிகள் கும்பலாக அப்பியிருந்தால் கையால் தொடாதீர்கள், முடி பட்டால் அரிக்கும். குச்சியால் வழித்துச் சோப்புத் தண்ணீரில் தள்ளுங்கள். இலையில் மாவுப்பூச்சி வந்தால் லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயும் சில சொட்டு சோப்புக் கரைசலும் கலந்து மாலையில் தெளிக்கலாம்.

பூவுக்காகக் கிளையை உலுக்கவே வேண்டாம். அந்தியில் விரிந்த பூ விடியுமுன் தானே உதிர்ந்துவிடும். இரவே செடியடியில் பழைய வேட்டியை விரித்து வையுங்கள். வெள்ளை இதழில் மண் ஒட்டாது, ஆரஞ்சுக் காம்பும் நசுங்காது. வெயில் ஏறுமுன் அள்ளிவிடுங்கள். அப்புறம் இதழ் துவண்டு பழுத்துவிடும்.